நோயின் பெயர் மேலாளருக்கு எதற்கு?

வேலை இடத்துச் சிக்கல்கள் பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு, அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில் பெர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்லும் பகுதி

போன இதழில் ஒரு வாசகர், உடல்நிலை காரணமாக வேலையில் சின்ன மாற்றம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். தயங்காதீர்கள், எழுத்திலேயே கேளுங்கள் என்று பதில் சொல்லியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "கேட்டோம் மேடம். கேட்டது கிடைத்ததோ இல்லையோ, எங்கள் நோய் விவரம் ஆபீஸ் முழுக்கப் போய்விட்டது." அதனால் இந்த மாதம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். யார் பெயரும் போடவில்லை. ஊரையும் வேலையையும்கூட அங்கங்கே மாற்றியிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு எழுதியவர்களை நானே காட்டிக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. வெயில் ஏறினால் களைப்பு தாங்காது, பார்வை மங்கும். ஏ.சி. பக்கம் இருக்கையும், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலையும் கேட்டு மெயில் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ. முதல் எல்லா ரிப்போர்ட்டும் எச்.ஆரில் வாங்கிக்கொண்டார்கள். என் மெயிலை அப்படியே மேலாளருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டார்கள். அவர் மீட்டிங்கில், "அவங்களுக்கு நரம்பு வியாதி, எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் ஆண்டு இறுதிக் கணக்கு வேலையை என்னிடம் தராமல் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டதே தப்பா? – வாசகி, கோவை

கேட்டது தப்பே இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட இடத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கத் தெரியவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒன்று. அது ஏன் வேண்டும் என்பது இன்னொன்று. இருக்கையை மாற்றிப் போடவும், எந்த இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று திட்டமிடவும் மேலாளருக்கு முதலாவது போதும். இரண்டாவதைப் பார்க்க வேண்டியவர் எச்.ஆரில் ஒருவர், அல்லது நிறுவன மருத்துவர். அதோடு நிற்க வேண்டும். என் அனுபவத்தில் எந்த மேலாளரும் முதலில் கேட்பது, "என்ன பிரச்சினையாம்?" என்பதைத்தான். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், வெறும் ஆவல். நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "முதுகு சாயும் நாற்காலி கேட்டிருக்கார் சார், வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடணும்." இரண்டு மூன்று முறை இதே பதில் வந்தால் அவர்களும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் பெயரோடு இருக்கிறது. ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதி மாற்றத்தை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது. அரசு அலுவலகங்கள் இந்த வசதியைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும் என்று நேரடியாகச் சொல்கிறது. தனியார் நிறுவனங்கள் விஷயத்தில் அவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்லவில்லை, அது இந்தச் சட்டத்தின் ஒரு பலவீனம். ஆனால் எல்லா நிறுவனமும் ஒரு சம வாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம் என்றால் இதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கொள்கையே இல்லை என்றால் அதுவும் நல்லதுதான், உங்கள் புகாரில் சேர்க்க இன்னொரு வரி கிடைத்தது. இன்னொன்று, வசதிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக்கூட உங்கள் தலையில் கட்டக் கூடாது என்று 2017 விதிகளில் தெளிவாக இருக்கிறது. ஏ.சி. கரண்ட் பில்லைக் காட்டி யாராவது முனகினால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த எம்.ஆர்.ஐ. அதை வைத்துக்கொண்டு எச்.ஆர். என்ன செய்யப் போகிறார்கள்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவா? மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இருந்தால் அதைக் காட்டினாலே குறைபாடு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகிவிடும். அட்டை இல்லாவிட்டால், அல்லது குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், சிகிச்சை தரும் மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம் போதும். "40 சதவீதம் இல்லை, அதனால் ஒன்றும் தர முடியாது" என்று சிலர் மடக்குவார்கள். வேலை ஒதுக்கீட்டுக்குத்தான் அந்த 40 சதவீத அளவு. வசதி கேட்பதற்கு அது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' இருந்ததால், தேர்வில் தனக்காக எழுத ஒருவரைக் கேட்டவர் அவர்.

மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். வேலையோடு சம்பந்தப்பட்டதை மட்டும் கேளுங்கள்: "இவருக்கு நீண்டகால உடல்நிலை ஒன்று உள்ளது. வெப்பமான சூழலில் இவரது வேலைத்திறன் குறையும். குளிரூட்டப்பட்ட இடத்தில் இருக்கையும் வாரம் இரு நாள் வீட்டிலிருந்து பணியும் தேவை. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம்." இவ்வளவுதான். எவ்வளவு சுருக்கமாக எழுதினாலும் லெட்டர்ஹெட்டின் மேல் வரியே நரம்பியல் நிபுணர் என்று காட்டிவிடும், உண்மைதான். அதனால்தான் அந்தத் தாள் ஒரு கையோடு நிற்க வேண்டும் என்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் எச்.ஆருக்கு ஒரு மெயில்: ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் திருப்பித் தாருங்கள், உங்கள் கணினியிலும் மேலாளர் மெயிலிலும் உள்ள நகல்களை அழித்துவிட்டு அழித்ததை எழுத்தில் சொல்லுங்கள், என் உடல்நிலை விவரம் யார் யாருக்குப் போனது என்று பட்டியல் தாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் உடல்நிலை, மனநிலை, மருத்துவ ஆவணங்களை எல்லாம் அந்தரங்கத் தகவல் என்று தனியாக வகைப்படுத்துகின்றன. எந்தக் காரியத்துக்காக வாங்கினார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது. குறைகளைக் கேட்க ஒரு அலுவலர் இருக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். டீம் மீட்டிங்கில் அறிவிப்பது எந்தக் காரியத்தில் சேரும் என்று அந்த அலுவலரிடமே கேளுங்கள்.

இரண்டாவது, அந்த ஆண்டு இறுதி வேலை. பரிதாபப் பார்வைக்கு மருந்து கிடையாது, நாளாக ஆகப் பழகிவிடும். ஆனால் வேலையைப் பறித்ததைச் சும்மா விடாதீர்கள். உங்கள் திறமையில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. நோய் தெரிந்த பிறகுதான் வேலை கைமாறியிருக்கிறது. நிறுவனத் தலைவருக்கு, பாகுபாடு என்ற சொல்லையே போட்டுப் புகார் எழுதுங்கள். அவர் நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இது ஏன் நியாயம் என்று எழுத்தில் விளக்க வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். பாகுபாட்டுப் புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. விதியில் இருப்பதைச் சொல்கிறேன், நடைமுறையில் நாம் பின்னாலேயே நடந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் புதிதாக எச்.ஆரில் சேர்ந்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி ஊழியர்களின் விவரம் ஒரு எக்செல் ஷீட்டில், எல்லாரும் திறக்கக்கூடிய ஷேர்டு டிரைவில் கிடக்கிறது. கேட்டால், "சட்டப்படி ரெக்கார்டு வைக்கணும்ப்பா" என்கிறார் மேலதிகாரி. எப்படித்தான் வைப்பது? – வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இதைக் கவனித்திருக்கிறாயே தம்பி, நல்லது. உன் மேலதிகாரி சொன்னதில் பாதி சரி. பதிவேடு கட்டாயம்தான். எத்தனை பேர், எப்போது சேர்ந்தார்கள், பெயர், பாலினம், முகவரி, குறைபாட்டின் தன்மை, செய்யும் வேலை, தரப்படும் வசதி – இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் காட்ட வேண்டும். ஷேர்டு டிரைவில் போடு என்று எந்த விதியும் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில் பெர்சனல் ஃபைல் என்று ஒன்று இருக்கும். சாதிச் சான்றிதழிலிருந்து மாமியார் இறந்ததற்கு எழுதிய லீவ் லெட்டர் வரை அதில் கோத்துக் கிடக்கும். பதவி உயர்வுக்கு ஃபைல் கேட்டால் அதுவே முழுசாக மேஜைக்குப் போகும். உயர்வு தருபவர் முதலில் புரட்டுவது எந்தப் பக்கத்தை என்று நினைக்கிறாய்? மருத்துவத் தாள்களை எல்லாம் பிரித்து வேறு அலமாரியில் வைத்துச் சாவியை நான் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் புரட்டல் நின்றது. கம்ப்யூட்டர் வந்தாலும் செய்ய வேண்டியது அதேதான். ஒரு இடத்தில் மருத்துவக் கடிதங்களும் சட்டம் கேட்கும் பதிவேடும். அதைத் திறக்க இரண்டு பேருக்கு மேல் அனுமதி வேண்டாம், யார் எப்போது திறந்தார்கள் என்று பதிவாக வேண்டும். இன்னொரு இடத்தில் வசதிக் குறிப்பு: "உயரம் மாற்றக்கூடிய மேஜை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு. மறுபரிசீலனை ஜனவரியில்." சூப்பர்வைசர் பார்ப்பது இரண்டாவதை மட்டும்.

விவரம் கசிவது பெரும்பாலும் அலமாரியிலிருந்து அல்ல. நீங்கள் நினைத்தே பார்க்காத இடங்களிலிருந்துதான். காலண்டரில் மீட்டிங் போடும்போது தலைப்பில் "மெடிக்கல் ரிவ்யூ" என்று ஊழியர் பெயரோடு போடுவார்கள், அது பத்துப் பேர் திரையில் தெரியும். வருகைப்பதிவு சாஃப்ட்வேரில் விடுப்பு வகை "டயாலிசிஸ்" என்றே இருக்கும். நாற்காலி வாங்க பர்ச்சேஸுக்கு அனுப்பும் இன்டென்டில் காரணம் என்ற கட்டத்தில் டிஸ்க் தேய்மானம் என்று எழுதி, அது சப்ளையர் வரை போகும். எல்லாவற்றையும்விட மோசம் ஷிப்ட் சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குரூப். அதில் ஒரு சான்றிதழைப் போட்டோ எடுத்துப் போட்டால் ஆயுசுக்கும் திரும்ப எடுக்க முடியாது. முதலில் இவற்றைச் சரிசெய். எக்செல்லுக்குப் பாஸ்வேர்டு போடுவது அப்புறம்.

நோயின் பெயரைச் சிலருக்குச் சொல்லியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. வலிப்பு வரக்கூடிய ஒருவர் பிரஸ் மெஷினிலோ உயரத்திலோ நின்று வேலை செய்கிறார் என்றால், அவரை எங்கே நிறுத்துவது என்று நிறுவன மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், அதற்கு அவருக்கு முழு விவரம் தெரிய வேண்டும். கூட நிற்பவர்களில் ஒருவருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். யாருக்குச் சொல்லலாம் என்று அந்த ஊழியரிடமே கேள். எங்கள் ஆலையில் ஒருவர், "என் லைன்ல இருக்கிற ரெண்டு பேருக்குச் சொல்லுங்க, ஃபோர்மேனுக்கு வேண்டாம்" என்றார். அப்படியே செய்தோம். முதலுதவி தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஃபோர்மேனுக்கு ஆளைச் சுற்றிக் கூட்டம் கூட்ட மட்டுமே தெரியும் என்பது அவருடைய கணிப்பு. அதில் எனக்கும் மறுப்பில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி உன் மேலதிகாரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. ஊழியர் தானாகக் கேட்கும் ஒரு சலுகைக்காக அவருடைய தகவலைக் கையாளத் தனிச் சம்மதம் தேவையில்லை என்று அதில் ஒரு பிரிவு உள்ளது. அதைப் பார்த்துவிட்டுச் சிலர், "அப்போ நாம எதுவும் கேட்க வேண்டாம்" என்று துள்ளுவார்கள். அந்தச் சலுகையைத் தருவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குத்தான் அது. இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. 2011 விதிகளில் இருந்ததுபோல உடல்நிலைத் தகவலுக்குத் தனி மதிப்பு இதில் இல்லை. உன் போன் நம்பரும் உன் நோயும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆனாலும் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்தத் தொகையை மட்டும் சொல், எக்செல் அன்றைக்கே இடம் மாறும்.

ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகு மருத்துவக் கடிதங்களை வைத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. வழக்கோ இழப்பீட்டுக் கோரிக்கையோ இல்லையென்றால் அழித்துவிடு. அடுத்த நிறுவனத்திலிருந்து ரெஃபரன்ஸ் கேட்டுப் போன் வரும், "அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லையாமே?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. அதற்கு மேல் உன் வாய் திறக்கக் கூடாது.

ஐ.டி. துறையில் இருக்கிறேன். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறேன். இரவு ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றம் கேட்க வேண்டும். மனநல மருத்துவர் கடிதம் கொடுத்தால் "மெண்டல்" என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். – வாசகர், சென்னை

உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அப்படி முத்திரை குத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஷிப்ட் மாற்றத்துக்கு மட்டும் என்றால், "மருத்துவக் காரணங்களால் இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்" என்று உங்கள் குடும்ப மருத்துவரோ நிறுவன மருத்துவரோ எழுதினாலே பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். முதலில் அதைச் செய்துபாருங்கள். ஆனால் முழுவதும் மறைத்துவிடாதீர்கள். நாளைக்கு நோயின் காரணமாகவே வேலையில் ஏதாவது சறுக்கி, ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போனால், "எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்று நிறுவனம் கையை விரித்துவிடும். மனநலக் குறைபாடு உள்ளவர்மேல் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை மறைமுகப் பாகுபாடாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் சொன்னது. அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர். இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உதவ வேண்டுமானால், நிறுவனத்தில் ஒருவருக்காவது, தேதியோடு, எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள்: தொடர்பு அலுவலர் அல்லது மருத்துவர். டீம் லீடர் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸில் க்ளெய்ம் போடும்போது படிவத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எச்.ஆர். கவுண்டரில் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ரகசியம் வெளியே போவது அந்தக் கவுண்டரில்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனத்தின் ஆப் அல்லது இணையதளம் வழியாக நேராகப் போட்டுவிடுங்கள். நிறுவனம் வைத்துத் தந்த கவுன்சலரிடம் போகிறீர்கள் என்றால், முதல் சந்திப்பிலேயே, "என்னைப் பற்றி நிறுவனத்துக்கு என்ன ரிப்போர்ட் போகும்?" என்று கேளுங்கள். மனநலச் சிகிச்சை தருபவர் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சம்பளம் யார் கொடுத்தாலும் அந்தக் கடமை மாறாது.

அரசுப் பள்ளி ஆசிரியை. செவித்திறன் குறைபாட்டின் பேரில் இடமாறுதலில் முன்னுரிமை கிடைத்தது. அதே பள்ளிக்குக் காத்திருந்த ஒருவர், என் சான்றிதழ், ஆடியோகிராம் (செவித்திறன் பரிசோதனைப் படம்) நகல்களைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறார். கொடுத்துவிடுவார்களா? – வாசகி, விழுப்புரம்

உங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மூன்றாம் நபர் ரகசியமாகக் கொடுத்து வைத்த தகவலை ஒருவர் கேட்டால், பொதுத் தகவல் அலுவலர் ஐந்து நாளுக்குள் அந்த நபருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பத்து நாளுக்குள் நீங்கள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம், விஷயம் காதுக்கு எட்டிவிட்டது அல்லவா, இன்றைக்கே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிரிவு 8(1)(ஜே) தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தருகிறது. ஊழியரின் பணி தொடர்பான விவரங்களை அந்தப் பிரிவின் கீழ் மறுக்கலாம் என்று கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் 2012இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டார்கள். அதிகாரிகளின் ஊழலை மறைக்க இது பயன்படும் என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் ஆடியோகிராமில் என்ன ஊழல் இருக்கிறது?

நானும் காதில் மெஷின் மாட்டியவள்தான். அந்த வளைகோட்டுப் படத்தைப் பார்த்து எனக்கே ஒன்றும் புரியாது. சான்றிதழ் போலி என்று அந்த ஆசிரியர் உண்மையிலேயே நினைத்தால் துறைக்குப் புகார் கொடுக்கட்டும், மருத்துவக் குழு பரிசோதிக்கட்டும். பொய்ச் சான்றிதழில் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சந்தேகத்தைத் தீர்க்க அதுதான் வழி. இந்த ஆண்டு இந்தப் பள்ளிக்கு எத்தனை பேர் மாற்றுத்திறனாளி முன்னுரிமையில் வந்தார்கள் என்று அவர் கேட்டால் அந்த எண்ணிக்கையைத் தரலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

லண்டன் ஹாரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. முதுகுவலிக்காக, ஆளைத் தூக்கும் வேலையிலிருந்து விலக்குக் கேட்டேன். என் ஜி.பி.யிடமிருந்து (இங்கே குடும்ப மருத்துவரை அப்படித்தான் சொல்வார்கள்) முழு மருத்துவப் பதிவையும் வாங்கத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார் மேனேஜர். போடலாமா? – யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர்

போட வேண்டாம், அக்கா. முழுப் பதிவும் என்றால் உங்கள் பிரசவம் முதல் சின்ன வயதில் வந்த அம்மை வரை எல்லாம் அதில் அடக்கம். அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றம் செய்து தர வேண்டியது முதலாளியின் கடமை, முதுகுவலி அந்தச் சட்டம் சொல்லும் அளவுக்கு நீண்டகாலப் பாதிப்பாக இருந்தால். ஆனால் உங்கள் நிலை அவருக்குத் தெரிந்திருந்தால்தான், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அந்தக் கடமை வரும். அதனால் ஒன்றுமே சொல்லாமல் இருப்பதும் உங்களுக்கு நல்லதல்ல. தொழில்சார் சுகாதாரப் பிரிவுக்கு, அங்கே ஆக்குபேஷனல் ஹெல்த் என்பார்கள், என்னை அனுப்புங்கள் என்று கேளுங்கள். அவர்கள் எழுதும் அறிக்கையில் எவ்வளவு எடை தூக்கலாம், என்ன மாற்றம் வேண்டும் என்பதுதான் இருக்க வேண்டும். மேனேஜருக்குப் போகுமுன் அதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

ஜி.பி.யிடமிருந்தே அறிக்கை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 1988ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் அதற்கென்றே இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது. அனுப்புமுன் நான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டால், பார்ப்பதற்கு 21 நாள் அவகாசம் உண்டு. உங்களைப் பற்றி அவர்கள் ஃபைலில் என்னென்ன இருக்கிறது என்று நகல் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

எங்கள் செக்ஷனில் ஒருவருக்கு மட்டும் வாசல் பக்கம் இருக்கை, அரை மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி. ஏன் என்று கேட்டால் எச்.ஆர். சொல்ல மறுக்கிறார்கள். தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை இல்லையா? – வாசகர், சேலம்

இல்லை.

அவர் அரை மணி முன்னால் போவதால் உங்கள் தலையில் கூடுதல் வேலை விழுகிறது என்றால் அதைக் கேளுங்கள், அதற்கு எச்.ஆர். பதில் சொல்லியாக வேண்டும். வேலைப் பங்கீட்டைப் பற்றிக் கேட்க அவருடைய உடம்பைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். 14 பேர். அதில் காது கேளாத, வாய் பேசாத இருவர், அருமையாக வேலை செய்கிறார்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு அவர்கள் படத்தோடு பேனர் வைத்து பேஸ்புக்கிலும் போடலாம் என்று ஆசை. என்னைப்போலச் சின்ன முதலாளிக்கும் இந்தச் சட்டமெல்லாம் உண்டா? – வாசகர்

உண்டு. 20 பேருக்குக் கீழே என்பதால் தொடர்பு அலுவலர் வேண்டியதில்லை. சம வாய்ப்புக் கொள்கை மட்டும் நீங்களும் எழுத வேண்டும். உங்கள் அளவுக்கு, அவர்கள் வேலை செய்ய என்ன வசதி செய்திருக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் முடிந்தது. மெஷின் நின்றால் மணிக்குப் பதில் விளக்கு எரியும்படி செய்திருந்தால் அதை எழுதுங்கள். இன்னும் செய்யவில்லை என்றால் பேனர் செலவை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

படம் பற்றி: இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். சைகை மொழி தெரிந்த, அச்சகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்துக் கேளுங்கள். பேனர் எங்கே நிற்கும், பேஸ்புக்கில் யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சம்பளத்திலோ ஷிப்டிலோ ஒரு மாற்றமும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்மதம் தந்தவர் பிறகு மனம் மாறினால் படத்தை எடுத்துவிட வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் இப்படிப்பட்ட ஒரு படத்தைக் காட்டிப் பேச்சை முறித்துக்கொண்டதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் நல்ல மனதோடுதான் போடுவீர்கள், பார்ப்பவர்கள் எல்லாரும் அப்படி இருப்பார்களா? அப்புறம், அவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை உண்டு.